சைலன்சர் மாற்ற நினைப்பவர்கள் கவனத்திற்கு: 9,200 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது வெறும் குழாய்

நேற்று மாலை புகைப் பரிசோதனை நிலையத்தில் என் 150 சிசி பைக்கிற்குச் சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். பிஎஸ்-6 என்னும் புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டியான அதில் கார்பன் மோனாக்சைடு வரம்பை மீறியிருந்தது. புகையையும் சத்தத்தையும் குறைக்கும் புதிய வடிவமைப்பு என்று சொல்லி ஓர் உதிரிபாகக் கடையில் விற்ற சைலன்சரை மாட்டிப் பன்னிரண்டு நாள்கள்தான் ஆகின்றன.

கடை மேசையில், நெடுக்காக அறுத்த சைலன்சர் ஒன்றை வைத்திருந்தார்கள். தடுப்புத் தகடுகளால் பிரித்த அறைகளில் ஒலியலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணிக்கும் என்றும், முன்பகுதியில் தேன்கூடு போலிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை நச்சுப்புகையைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் என்றும் கடைக்காரர் விரல் வைத்துக் காட்டி விளக்கினார். அவர் சொன்ன அறிவியல் முழுக்கச் சரியானது. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று நம்பி, பழைய சைலன்சரையும் அங்கேயே விட்டுவிட்டு 9,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாளே சத்தம் கூடியது. தொலைபேசியில் கேட்டதற்கு, ஓட ஓட அடங்கிவிடும் என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பெட்ரோல்மீது பழி போட்டார்கள். இன்று காலை நேரில் போய் நின்றதற்கு, "பில்லில் சைலன்சர் என்றுதானே இருக்கிறது, கன்வெர்ட்டர் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் அதே மனிதர். பழையதையாவது கொடுங்கள் என்றேன்; இரும்புக்குப் போட்டாயிற்று என்றார். தெரிந்த மெக்கானிக் அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது துளையிட்ட ஒரு குழாயும் அதைச் சுற்றிய கண்ணாடிப் பஞ்சும் மட்டுமே. பழைய கன்வெர்ட்டரில் உள்ள விலையுயர்ந்த உலோகங்களுக்குத் தனிச் சந்தை இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஆக, 9,200 ரூபாயோடு அதுவும் போயிற்று.

அபராதமும் நம் தலையில்தான் விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் காற்று, ஒலி மாசுக்கு 10,000 ரூபாய் வரை விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. மேசையில் இருக்கும் மாதிரியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கன்வெர்ட்டர் உண்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய சைலன்சரை வீட்டிற்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாட்டிய அன்றே புகைப் பரிசோதனை செய்யுங்கள்.

என் பழைய சான்றிதழ் நாளையோடு முடிகிறது. 9,200 ரூபாய் கொடுத்த பிறகும் வண்டியை வெளியே எடுக்க வழியில்லாமல் நிற்கிறேன்.