தடவிப் பார்த்து ‘உடையவில்லை’ என்று எழுதிவிட்டார்கள்

வீடு மாற்றும் நிறுவனத்திடம் டிவியை ஒப்படைக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியாவிலிருந்து டர்பன் பக்கம் உள்ள சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது, எங்கள் 65 அங்குல எல்சிடி டிவியை அந்த நிறுவனத்தின் ஆட்களே அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினார்கள். நாமே கட்டினால் காப்பீடு செல்லாதாம். கட்டுக்கூலி தனி, காப்பீட்டுக் கட்டணம் தனி. வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாய் இறங்கி லாரி வந்து சேர்ந்தபோது டிவிப் பெட்டி படுக்கைவாட்டில் கிடந்தது. அதன்மேல் மாமியாரின் பித்தளைக் குத்துவிளக்குகள் இருந்த பெட்டி. அப்படியே படம் எடுத்தேன். டெலிவரிச் சீட்டிலும் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

டிவியைப் போட்டால் இடப்பக்கம் ஒரு கரிய திட்டு, அதிலிருந்து கிளைபிரிந்த கீறல்கள், மேலிருந்து கீழாக வண்ணக் கோடுகள்.

காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்தார். திரையை விரலால் தடவினார். வழுவழுவென்று இருந்தது. “வெளிச்சேதம் இல்லை, உள்ளே மின்கோளாறு” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வெளியே அடிபட்ட அடையாளம் இல்லாத மின்கோளாறுக்கு இழப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. என் மனு அதன்கீழ் தள்ளுபடி.

இந்த வாதம் எவ்வளவு பொய்யானது என்பது திரை எதனால் ஆனது என்று தெரிந்தால் புரியும். எல்சிடி திரை என்பது அப்பளம்போல் மெல்லிய இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நடுவே திரவப் படிகம். இரு வெளிப்புறங்களிலும் ஒளியை வடிகட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். நம் விரல் தொடுவது அந்தப் படலத்தைத்தான். கண்ணாடி நொறுங்கினாலும் படலம் கிழியாமல் இருக்கலாம். ஆகவே கீறல் கைக்குத் தட்டுப்படாது. டிவியை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். மின்கோளாறால் கோடு விழலாம், திரை இருளலாம். கண்ணாடி கிளைகிளையாக வெடிக்காது. இவ்வளவு பெரிய திரையைப் படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் நடுப்பகுதி வளைகிறது, லாரி குலுங்கும்போது கண்ணாடி போய்விடுகிறது. பெட்டியில் மேல்நோக்கி அம்புக்குறி போடுவது இதற்காகத்தான்.

பழுதுபார்ப்பவரிடம் ‘கண்ணாடி உடைந்தது’ என்று எழுத்தில் வாங்கி அனுப்பினேன். உடனே காரணம் மாறியது: “பேக்கிங் போதாது.” கட்டியது யார்? கூலி வாங்கியது யார்? இதற்கு இன்றுவரை பதில் இல்லை. காப்பீட்டுக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றார்கள், பெருந்தன்மையாம்! திரையை மாற்ற ஆகும் செலவில் புது டிவியே வாங்கிவிடலாம். வேண்டாம் என்றுவிட்டேன். இதற்கிடையில் மாமியாருக்குத் தொடர்கள் நின்றுபோன கோபம் முழுவதும் என்மேல்தான்.

அவர்கள் நம்பியிருப்பது நமக்குச் சட்டம் தெரியாது என்பதை. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-ஆம் பிரிவு: சேவைக்காக நாம் ஒப்படைத்த பொருளை, குறைந்தபட்சம் ஒப்படைத்தபோது இருந்த நிலையிலாவது திருப்பித் தர வேண்டும். 65-ஆம் பிரிவு, நம் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பொறுப்பைக் குறைக்கும் விதி எதுவானாலும் எளிய மொழியில், கண்ணில் படும்படி முன்பே காட்டியிருக்க வேண்டும். அது 49-ஆம் பிரிவு. எனக்குக் காப்பீட்டு விதிகளைக் காட்டியதே மனு தள்ளுபடியான பிறகுதான்.

ஆகவே காப்பீட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏற்றி வந்த நிறுவனத்தையே நேராகக் கேட்டிருக்கிறேன். 20,000 ரேண்ட் வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். அவர்களும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்தின்மீது, இத்தகைய புகார்களை விசாரிக்கும் தேசிய நிதித் தீர்ப்பாளர் அமைப்பிடம் தனியாகப் புகார் செய்ய இருக்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

நீங்கள் ஏற்றுவதற்கு முன் டிவி ஓடுவதையும் பின்புறத் தொடர் எண்ணையும் ஒரே வீடியோவில் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்குப் பணம் கேட்டால், எந்த நிறுவனத்தின் காப்பீடு என்று கேட்டு விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். ‘மின்கோளாறு’ என்ற சொல் அதில் இருந்தால், திரை உடைவது மின்கோளாறில் சேராது என்று அவர்களிடம் எழுதி வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.