யூரோவின் கடிவாளம்: விதிகளிடமா, நாடாளுமன்றத்திடமா?

பல நாடுகளுக்கு ஒரே நாணயம் என்றால் அரசுகளின் வரவுசெலவை யார் கட்டுப்படுத்துவது? எழுதிவைத்த விதிகளும் நிபுணர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஒரு கட்சி. ஓட்டு வாங்கி வந்தவர்கள் முடிவெடுக்கட்டும் என்பது இன்னொன்று. நான் பல வருடம் விதிகளின் பக்கம் இருந்தவன். சைப்ரஸில் நடந்ததைப் படித்த பிறகு மாறிவிட்டேன்.

விதிகளின் நன்மை தெரிந்ததுதான். யூரோவுக்கு அடித்தளம் போட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், நாட்டின் மொத்த உற்பத்தியில் இத்தனை பங்கு என்று வைத்த 3 சதவீதப் பற்றாக்குறை வரம்பும் 60 சதவீதக் கடன் வரம்பும் எல்லோருக்கும் பொது. ஆனால் 2003-இல் ஜெர்மனியும் பிரான்ஸும் வரம்பைத் தாண்டியபோது, ஐரோப்பிய ஒன்றிய நிதியமைச்சர்கள் கூடி அவ்விரு நாடுகள் மீதான நடவடிக்கையையே நிறுத்திவைத்தார்கள். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். என்னை உறுத்துவது ஒரே கேள்வி: முடிவு தப்பாகப் போனால் திருத்துவது யார்?

2013 மார்ச் 16, விடியற்காலை. யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் பிரஸ்ஸல்ஸில் இரவெல்லாம் பேசி, சைப்ரஸுக்கு 1,000 கோடி யூரோ கடன் தர ஒரு நிபந்தனை போட்டார்கள். வங்கியில் 1 லட்சம் யூரோவுக்குள் போட்டிருப்பவரிடமும் 6.75 சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் என்றால் 9.9. சிறுகச் சிறுக 10,000 யூரோ சேர்த்தவருக்கு 675 யூரோ போய்விடும். அந்த 1 லட்சம் வரை டெபாசிட்டுக்கு உத்தரவாதம் தந்ததே ஐரோப்பியச் சட்டம்தான்! ஜனங்கள் ஏடிஎம்முக்கு ஓடினார்கள். 28-ஆம் தேதி வரை வங்கிகள் திறக்கவில்லை.

19-ஆம் தேதி, தலைநகர் நிகோசியாவில் சைப்ரஸ் நாடாளுமன்றத்தில் அந்த நிபந்தனை மீது வாக்கெடுப்பு. எதிர்ப்பு 36, நடுநிலை 19, ஆதரவு ஒன்றுகூட இல்லை. ஆளுங்கட்சிக்காரர்களே கை தூக்கவில்லை. ஆறே நாளில் புதுத் திட்டம் வந்தது. பெரிய டெபாசிட்காரர்கள் நிறைய இழந்தார்கள், லைக்கி வங்கி மூடப்பட்டது. ஆனால் 1 லட்சத்துக்குள் இருந்த பணத்தில் யாரும் கைவைக்கவில்லை. அந்தச் சிறுசேமிப்பைக் காப்பாற்றியது அந்த ஓட்டுதான்.

நிபுணர்கள் தவறினால் இப்படித் தடுக்க வழியில்லை. சிக்கன நடவடிக்கை வளர்ச்சியை எவ்வளவு கீழே இழுத்துவிடும் என்பது குறைத்துக் கணிக்கப்பட்டதாக, சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர்கள் ஒலிவியே பிளான்ஷாரும் டேனியல் லீயும் 2013-இல் எழுதினார்கள். நேர்மையான ஒப்புதல்தான். அதற்குள் அந்தச் சிக்கனத்துக்கு ஆளான கிரீஸில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். கணித்தவர்களை அவர்கள் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. சைப்ரஸில் பணம் இழந்தவர்கள் வழக்குப் போட்டபோதும், நிதியமைச்சர்கள் குழு முறைசாரா அமைப்பு, அதன்மேல் இழப்பீடு கேட்க முடியாது என்று 2020-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இருந்தாலும் வட்டி விகிதத்தை மத்திய வங்கியிடமே விட வேண்டும். 2012 ஜூலையில், அப்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவராக இருந்த மரியோ திராகி யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்று சொன்ன ஒரு வாக்கியம் சந்தையை அடக்கியது. எந்த நாடாளுமன்றத்துக்கும் அந்த வேகம் வராது. அப்புறம், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வீட்டோ கொடுப்பதும் ஆபத்து. 2011 அக்டோபரில் ஸ்லோவாக்கியா நாடாளுமன்றம் மறுத்ததால், கடனில் சிக்கிய யூரோ நாடுகளுக்கான மீட்பு நிதி விரிவாக்கமே தொங்கியது. அந்த அரசும் கவிழ்ந்தது.

அதனால் யூரோ நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான, நிதியமைச்சர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் மன்றம்தான் என் தேர்வு. இதுவரை யாரும் நடத்திப் பார்க்காத ஏற்பாடு, எனவே அடித்துச் சொல்ல மாட்டேன். சின்ன நாடுகளின் குரல் அங்கே அமுங்கிப்போகுமோ என்ற கவலை எனக்கும் உண்டு: இன்றைய ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் சைப்ரஸுக்கு 6.