ஏழு வருஷம், ஒரு தோசைக்கல்

2018 ஜூனில் எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. மகள் பிளஸ் டூ, மனைவிக்கு மதுரையிலேயே பள்ளிக்கூட வேலை. ஆகவே நான் மட்டும் கிளம்பினேன். அப்போது வயது 47. அதுவரை அடுப்படியில் நான் செய்த பெரிய காரியம், பால் பொங்காமல் பார்த்துக்கொண்டது. அதிலும் பாதி நாள் பொங்கிவிடும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் புதுமண்டபத்துப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் வாங்கியதுதான் இந்தக் கல். வார்ப்பிரும்பு, 12 அங்குலம், இரண்டு பக்கமும் காது, 650 ரூபாய். பிறகொரு நாள் எடை போட்டுப் பார்த்தேன்; மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் இருந்த நான்ஸ்டிக் கல் வருஷம் திரும்புவதற்குள் பூச்சு உதிர்ந்துபோயிருந்ததால், அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “இரும்புல வாங்கு. உனக்கப்புறமும் கெடக்கும்.”

கடைக்காரரின் அறிவுரை சுருக்கமானது. “மூணு நாள் வடிகஞ்சில ஊறப்போடுங்க சார். அப்புறம் நல்லெண்ணெயத் தடவித் தடவிக் காய வைங்க. கல்லு பழகிரும்.”

தனியாள் அறையில் வடிகஞ்சிக்கு எங்கே போவது? தெருமுனை மெஸ்ஸில் தூக்குவாளியோடு போய்க் கேட்டேன். “மாடு வச்சிருக்கீங்களா?” என்றார் மெஸ்காரர். இல்லை, கல் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஊற்றினார்.

மூன்று நாளில் கல்லிலிருந்து கருப்புத் தண்ணீர் இறங்கியது. பிறகுதான் முதல் தப்பைச் செய்தேன். இணையத்தில் யாரோ ஆளிவிதை எண்ணெய்தான் உத்தமம் என்று எழுதியிருந்தார்கள். நல்லெண்ணெயெல்லாம் பழைய ஆட்கள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு அதை வாங்கினேன். எண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சூடாக்கினால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரும்பின் மேல் கெட்டியான படலமாகப் படியும். கல் பழகுவது என்று நாம் சொல்வது இதைத்தான். ஆளிவிதை எண்ணெய் மிக வேகமாக இறுகும், பார்க்கக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். மூன்றாவது வாரம் அது செதில் செதிலாக உரிந்து தோசையோடு வந்தது. அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸப்பில் போடவில்லை.

சுரண்டி எடுத்துவிட்டு நல்லெண்ணெய்க்குத் திரும்பினேன். அதிலும் பாடம் இருந்தது. நிறையத் தடவினால் சீக்கிரம் பழகும் என்று நினைத்தேன். பசைபோலப் பிசுபிசுத்து நின்றது. தடவிய எண்ணெய் முழுவதையும் துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். எல்லாம் போய்விட்டது என்று தோன்றும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு போதும்.

அதற்கப்புறமும் தோசை வரவில்லை. இருபது நாள் வரவில்லை. மாவை ஊற்றுவேன், தேய்ப்பேன், திருப்பியை விடுவேன், உப்புமா வரும். அம்மாவுக்குப் போன் போடுவேன்.

“கல்லு காஞ்சுதா?”

“காஞ்சுதும்மா.”

“தண்ணி தெளிச்சுப் பாத்தியா?”

“பாத்தேன். முத்து முத்தா ஓடுச்சு.”

“ஓடவாடா செஞ்சுது! ஓடுனா சூடு ரொம்ப. சுர்ருன்னு அங்கனயே அடங்கணும்.”

சமையல் வீடியோக்களில் துளி உருண்டு ஓடினால் கல் தயார் என்பார்கள். அதைத்தான் நான் நம்பியிருந்தேன். சூடு குறைவாக இருந்தால் தண்ணீர் சும்மா கிடக்கும். பதமாக இருந்தால் சுர்ரென்று விழுந்த இடத்திலேயே ஆவியாகும். அதற்கும் மேலே போனால் துளிக்கு அடியில் ஆவிப்படலம் ஒன்று உண்டாகி, அதன்மேல் துளி மிதந்து ஓடும். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-ல் இதைப் பற்றி எழுதிவைத்ததால் அவர் பெயரிலேயே இதைச் சொல்கிறார்கள். அவர் சோதித்துப் பார்த்தது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில். அம்மா அவரைப் படித்ததில்லை. ஆனால் மதுரையிலிருந்து போனில் சத்தத்தை மட்டும் கேட்டு, “இப்ப ஊத்து” என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சூட்டைக் குறைத்ததும் தோசை வந்தது. ஆனால் நடுவில் சிவந்தும் ஓரத்தில் வெளுத்தும் வந்தது. மாவைச் சந்தேகப்பட்டேன். உளுந்தைக் கூட்டினேன், வெந்தயம் போட்டேன், அவல் போட்டேன், ரேஷன் அரிசியை மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவேன். ஒருநாள் நன்றாக வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணக்கு சரிபார்க்கிறவன் நான். தோசைக்கு அந்தப் புத்தியைப் பயன்படுத்தத் தோன்றவே இல்லை. பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது, மறுநாள் வேறொன்று. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ‘ஆகஸ்ட் 14: தீ பாதி. வெங்காயம் தேய்த்தது. ஒட்டவில்லை. ஓரம் வெளுப்பு’ என்கிற மாதிரி.

ஓரம் ஏன் வெளுக்கிறது என்று கண்டுபிடித்தது நானல்ல. ஓசூரில் எங்கே திரும்பினாலும் தொழிற்சாலைதான். எதிர்வீட்டுப் பையன் ஒன்றில் சூப்பர்வைசர். தொடாமலே சூடு அளக்கும் துப்பாக்கி மாதிரியான கருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தான். கல்லின் நடுவில் 240 டிகிரி, ஓரத்தில் 170. என் இண்டக்ஷன் அடுப்பின் சுருள் அகலமே ஆறு அங்குலம்தான், கல்லோ 12. இரும்பு அலுமினியம்போலச் சூட்டைச் சட்டென்று பரப்பாது. மெதுவாக வாங்கும், வாங்கியதை விடாமல் வைத்துக்கொள்ளும். முழுத்தீயில் இரண்டு நிமிஷம் வைத்தால் நடு மட்டும் கொதிக்கும். சின்னத் தீயில் பத்து நிமிஷம் வைத்தால் ஓரமும் வந்து சேர்ந்துகொள்ளும்.

இரண்டு மாதம் மாவைத் திட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் இருபது வருஷம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு மனைவியிடம் “ஓரம் வேகலையே” என்று சொல்லியிருக்கிறேன். காலை ஏழே காலுக்கு, மூன்று பேருக்கு டிபன், இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு, அவளுக்கு எட்டு மணி பஸ். பத்து நிமிஷம் கல் காயக் காத்திருக்க அவளுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? இதை அவளிடம் போனில் சொன்னேன். “சரி, சாப்டீங்களா?” என்றாள். பெரிதாக ஒன்றும் நெகிழவில்லை. நெகிழ வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்பது எனக்கும் உறைத்தது.

முதல் தோசை விஷயமும் அப்படித்தான். எவ்வளவு பழகின கல்லானாலும் முதல் தோசை கொஞ்சம் பிய்ந்துதான் வரும். கல் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் செட்டாக ஒரு தோசை பிடிக்கும். தனியாக இருந்ததால் அதை நான்தான் தின்றேன். தின்றுகொண்டிருந்தபோது ஒருநாள் யோசித்தேன்: எங்கள் வீட்டில் முதல் தோசை என் தட்டுக்கு வந்ததே இல்லையே. அப்பா தட்டுக்கும் வந்ததில்லை. நாய்க்குப் போட்டிருந்தால் நாய் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

ஓசூர் குளிரைப் பற்றிச் சொல்லவேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மதுரையில் ராத்திரி கரைத்து வைத்த மாவு விடியும்போது பாத்திரத்தைத் தாண்டி மேடைக்கு வந்திருக்கும். ஓசூர் டிசம்பரில் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, சிமெண்ட் மாதிரி. அரிசியும் உளுந்தும் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு முப்பது டிகிரிக்குப் பக்கத்துச் சூடு வேண்டும். கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா, வீட்டில் தெலுங்கும் என்னிடம் தமிழும் பேசுகிறவர், வழி சொன்னார்: பெரிய டபராவில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே பழைய கம்பளி. “பிள்ளைய வச்சுக்கிற மாதிரி வச்சுக்கணும் சார்.” வேலை செய்தது.

பதிலுக்கு அவர் கல்லைக் கடன் கேட்டார், ராகி ரொட்டி தட்ட. அந்தப் பக்கம் ராகிதான் பிரதானம். கொடுக்க மனசே இல்லை. ஆறு மாசம் பாடுபட்டுப் பழக்கியது. வாய் மட்டும் “தாராளமா” என்றது. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கல் முன்னைவிட வழவழவென்று இருந்தது. தடிமனான ரொட்டி, தாராளமான எண்ணெய், சின்னத் தீ. பழகுகிற கல்லுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. அதன்பிறகு மாதம் ஒருமுறை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

ஆனால் சப்பாத்தி கூடாது. ‘சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வராது’ என்பதை மூடநம்பிக்கை என்று நினைத்துச் சோதித்தேன். நான்கு நாள் தொடர்ந்து எண்ணெயில்லாமல் சப்பாத்தி. ஐந்தாம் நாள் தோசை ஒட்டியது. எண்ணெய் இல்லாமல் அதிகச் சூட்டில் வெறும் கல் காயும்போது படலம் எரிந்துபோகிறது, கல்மேல் உதிர்கிற மாவும் கருகி ஒட்டிக்கொள்கிறது. அம்மாவிடம் காரணத்தை விளக்கினேன். “அதத்தான சொன்னேன்” என்றாள்.

2020 மார்ச்சில் ஒரு வாரக்கடைசிக்கு மதுரை போனேன். தோசை சுட்ட கல்லைத் தொட்டியில் தண்ணீரோடு போட்டுவிட்டு, திங்கட்கிழமை வந்து கழுவிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். ஊரடங்கு வந்தது. செப்டம்பரில் மாவட்டம்விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று ஆன பிறகுதான் திரும்பினேன். கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைத்த வாடையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கல் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. விரலால் தடவினால் பொடி உதிர்ந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

போடவில்லை. அந்த மாதம் தூக்கிப் போடுவதற்கு மனசு வராத மாதம்; அலுவலகத்தில் என்னோடு டீ குடிக்கிற இரண்டு பேர் திரும்பி வரவில்லை. ஊறவைத்த புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தேன், பிறகு செங்கல் தூள், பிறகு கம்பி நார். ஒரு ஞாயிறு முழுக்க. துருவுக்கு அடியில் இரும்பு சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. உடனே காயவைத்து, எண்ணெய் தடவி, துடைத்து, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும். ஆறு முறை. முதல் தடவை இரண்டு மாதம் பிடித்த வேலை, இப்போது ஒன்றரை நாளில் முடிந்தது. கல் அதே கல்தான். கை மாறியிருந்தது.

கல் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது என்று இங்கே எழுத ஆசைதான். சிக்னலில் என்னைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். தோசைக்கு முன்னால் மட்டும் பத்து நிமிஷம் நிற்க வந்திருக்கிறது; அது வேறெங்கும் பரவவில்லை. வேறு சில சில்லறைப் பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. வேலை முடிந்த சூட்டோடு கல்லைத் துடைத்து எண்ணெய் தொட்டு வைத்துவிட்டால் ஒரு நிமிஷ வேலை. மறுநாளைக்கு விட்டால் அரைமணி நேரம். அலுவலகக் கோப்புகளிலும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அப்புறம், ஒன்று சரியில்லை என்றால் முதலில் அடுப்பைப் பார்க்கிறேன், மாவைப் பிறகு.

வாங்க நினைப்பவர்களுக்கு: மணிக்கட்டு வலி இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஒற்றைக் கையால் தூக்க முடியாது. கீழே போட்டால் வளையாது, உடையும், வார்ப்பிரும்பு அப்படி. சூடான கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாலும் விரிசல் விடலாம். தக்காளி, புளி சேர்ந்த எதையும் அதில் வதக்கி வைக்காதீர்கள். படலமும் போகும், பண்டமும் கருக்கும். லேசான சோப்பு பரவாயில்லை. பழகின கல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஊறப்போடுவதுதான் கெடுதல். இண்டக்ஷனில் வேலை செய்யும், ஆனால் தீயைப் படிப்படியாக ஏற்றுங்கள். அவசரக் காலைகளுக்கென்று ஒரு மெல்லிசான கல் தனியாக இருப்பது குற்றமில்லை.

அம்மாவே இப்போது நான்ஸ்டிக்தான் வைத்திருக்கிறாள். 79 வயது, இரும்பைத் தூக்கக் கை வரவில்லை. 2022-ல் நான் மதுரைக்குத் திரும்பியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். போன வாரம் கல்லைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கரண்டியை எடுத்தேன்.

“அடுப்பக் கொறடா” என்றாள், திரும்பாமல். “முத்து ஓடுது.”