கலப்பின வேட்டை நாய் வாங்குவோர் கவனத்துக்கு: காணொளியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கிழக்கு டெக்சாஸில் புல்வெளியும் பண்ணையும் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர், காட்டுப்பன்றித் தொல்லைக்காக வேட்டை நாய் வாங்கும் எண்ணத்தில் இருப்பதை அறிந்து இதை எழுதுகிறேன். அங்கே தனியார் நிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு காட்டுப்பன்றியை வேட்டையாட 2019 முதல் உரிமம் தேவையில்லை. தேவைப்படுவது நல்ல நாய். அதை விற்பதாகச் சொல்லித்தான் பக்கத்து மாநில வளர்ப்பாளர் ஒருவர் என்னை ஏமாற்றினார். கட்டஹூலா, பிளாட் ஹவுண்டு என்ற இரு வேட்டை நாய் இனங்களுக்குப் பிறந்த முதல் தலைமுறைக் கலப்பு என்று சொல்லி, ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக ஒரு சோடியை அவர் எனக்கு விற்றார். பழக்கம், உடல்நலம், பிறப்பு ஆகிய மூன்றைப் பற்றியும் அவர் சொன்னவை பொய்.

இந்தக் கலப்புக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை முதலில் சொல்ல வேண்டும். லூசியானாவின் மாநில நாயான கட்டஹூலா, ‘கர்’ என்னும் பண்ணை வேட்டை நாய் வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் சத்தமின்றி ஓடி, பன்றியைக் கண்டதும் சுற்றி வளைத்துக் குரைத்து, ஆள் வரும்வரை நகரவிடாமல் மறித்து நிற்கும். வட கரோலினாவின் மாநில நாயான பிளாட், கரடி வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட ஹவுண்டு, அதாவது மோப்பம் பிடித்துத் துரத்தும் நாய். பல மணி நேரம் பழசாகிப்போன மோப்பத்தையும் விடாமல் பிடித்துச் செல்லும், ஆனால் போகும் வழியெல்லாம் குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கேட்டுப் பன்றி வெகுதூரம் ஓடிவிடுகிறது. கர் நாயோ பழைய தடத்தில் தடுமாறுகிறது. இரண்டின் நல்ல குணங்களும் ஒரே நாயில் சேர வேண்டும் என்றுதான் கலக்கிறார்கள். முதல் கலப்பில் பிறக்கும் குட்டிகள் ஓரளவு ஒரே சீராக அமையும். அந்தக் கலப்புகளையே மீண்டும் ஒன்றோடொன்று சேர்த்தால் குணங்கள் சிதறி, ஒரே ஈற்றிலேயே ஒன்று ஹவுண்டாகவும் இன்னொன்று எதற்கும் உதவாததாகவும் பிறக்கக்கூடும். ‘முதல் தலைமுறை’ என்ற சொல்லுக்கு விலை கூடுவது இதனால்தான்; பொய் சொல்லத் தோன்றுவதும் இதனால்தான்.

ஆண் நாய் முழுமையாகப் பழகியது, மானையும் மாட்டையும் திரும்பியே பாராது என்றார் விற்றவர். சான்றாக அனுப்பிய காணொளிகளில் அது பன்றியை மறித்து நிற்பது உண்மைதான். ஆனால் அவை அனைத்தும் வேலியடைத்த பட்டிக்குள் எடுக்கப்பட்டவை. பட்டிக்குள் பன்றி கண்ணெதிரே நிற்கிறது. மோப்பம் பிடித்துத் தேட வேண்டிய வேலையே அங்கே இல்லை. எங்கள் ஓடைக்கரையில் அவிழ்த்துவிட்டபோது, பன்றிகள் புதிதாகக் கிளறிப்போட்டிருந்த மண்ணை அது பொருட்படுத்தாமல் கடந்து, மானைத் துரத்திக்கொண்டு அடுத்தவர் நிலத்துக்குள் போய்விட்டது. டெக்சாஸில் நாய்களை வைத்து மான் வேட்டையாடுவது 1990 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மானைத் துரத்தும் நாயை வைத்திருப்பவர் அண்டை வீட்டாரிடமும் வனவிலங்குக் காவலரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வாங்கிய சில நாட்களிலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனதில் ஆண் நாய்க்கு இதயப்புழு இருப்பது தெரிந்தது. கொசுக்கடியால் பரவும் இந்தப் புழு, உடலுக்குள் போய் ஏறக்குறைய ஆறு மாதம் வளர்ந்த பின்னரே வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். ஆகவே அது விற்றவரின் பராமரிப்பில் இருந்தபோதே தொற்றியது என்பதில் ஐயமில்லை. மாதாமாதம் தடுப்பு மருந்து கொடுத்ததாக அவர் எழுதியே அனுப்பியிருந்தார். முதுகுத் தசையில் ஆழமாகப் போடும் ஊசிகள்தான் இதற்குரிய சிகிச்சை; செத்த புழுக்கள் நுரையீரல் குழாய்களில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், மாதக்கணக்கில் நாயை ஓடவிடாமல் அடைத்து வைக்க வேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த உயிரை அப்படிக் கட்டிப்போடுவது கொடுமை.

என்னை மிகவும் வருத்தியது பெண் நாய். சாம்பல் நிறத்தில் கருந்திட்டுகளும், தலையில் வழக்கத்துக்கு மீறிய வெண்மையும் கொண்ட அது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிடிவாதக் குணம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் விற்றவர். செவித்திறன் பரிசோதனையில் இரண்டு காதுகளும் கேட்காதது உறுதியானது. அந்தத் திட்டு நிறத்துக்குக் காரணமான ‘மெர்ல்’ மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதி சேர்ந்தால் செவிட்டுத்தன்மையும் கண் குறைபாடும் வரும் அபாயம் கூடுகிறது. மரபணுச் சோதனையில் இதற்கு இரண்டு பிரதிகளும் இருந்தன. பிளாட் இனத்தில் மெர்ல் நிறமே கிடையாது என்பதால், தூய பிளாட் ஒன்று இதன் தந்தையாகவோ தாயாகவோ இருக்கவே முடியாது. மெர்ல் நிறமுள்ள இரண்டு நாய்களைச் சேர்க்கக் கூடாது என்பது கட்டஹூலா வளர்ப்பவர் எவரும் அறிந்த பாடம். மற்ற நாய்களின் குரைப்பும் ஆளின் அழைப்பும் கேட்காத நாயைக் கோரைப்பல் கொண்ட பன்றியின் முன் அனுப்புவது அதைக் கொல்வதற்குச் சமம்.

சான்றுகளை எல்லாம் அனுப்பியபோது, “என் வீட்டைவிட்டுப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது” என்ற ஒற்றை வரியோடு அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் ரொக்கமாகத்தான் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. விற்பவர் வேறு மாநிலத்தில் இருந்தால் சிறு வழக்கு நீதிமன்றத்தை நாடுவதும் அலைச்சலும் செலவும் மிகுந்தது.

எனவே நாயை உங்கள் நிலத்திலேயே, வேலி இல்லாத இடத்தில், சில வாரங்கள் ஓடவிட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். அந்தச் சோதனைக் காலத்தையும் நாயைத் திருப்பித் தரும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்குங்கள். இதயப்புழுப் பரிசோதனையை நீங்களே தேர்ந்தெடுத்த மருத்துவரிடம், பணம் கைமாறுவதற்கு முன்பே செய்யுங்கள். முதல் கலப்பு என்றால் தாய் தந்தை இரண்டையும் நேரில் பாருங்கள், மரபணுச் சோதனையைக் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் எவரும் இவற்றுக்கு முகம் சுளிப்பதில்லை. பின்னர் நான் சந்தித்த முதியவர் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே தம் நாயை என்னோடு அனுப்பிவைத்தார்.

என்னிடம் விற்றவரின் விளம்பரம் அதே பட்டிக் காணொளிகளோடு இன்னும் உலவுகிறது. இப்போது விற்பனைக்கு இருப்பது ஒரு முழு ஈற்றுக் குட்டிகள். படத்தில் அவற்றில் சிலவற்றின் தலை முழுவதும் வெண்மையாக இருக்கிறது.