விரலில் மாட்டும் கருவியும் வாரம் ஒரு போனும்: வீட்டுக் கண்காணிப்புச் சேவையில் 6 மாதம்

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். போன வருஷம் இரண்டு முறை மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. இரண்டாவது முறை டிஸ்சார்ஜ் ஆனதும் ஒரு வீட்டுக் கண்காணிப்புச் சேவையில் சேர்ந்தோம். பெயர் வேண்டாம். ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் தருகிறார்கள் (விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும்), அது போனில் உள்ள ஆப்புக்கு அந்த எண்ணை அனுப்பும், தினமும் காலையில் ஐந்தாறு கேள்விக்கு அப்பா பதில் தட்ட வேண்டும், வாரம் ஒரு முறை நர்ஸ் ஒருவர் போன் செய்வார். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டியது முதல் இரண்டையும்தான். நர்ஸ் விஷயம் கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது.

முதலில் கருவி. குறை சொல்ல முடியாது. எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். விரல் ஜில்லென்று இருந்தால் எண் வர நேரமாகும், கையைத் தேய்த்துச் சூடாக்கினால் சரியாகிவிடும்.

ஆப்தான் படுத்தியது. அளவு 94க்குக் கீழே போனால் திரை முழுக்கச் சிவப்பு, கூடவே ஒரு சத்தம், 'உடனே கவனிக்கவும்' என்று ஒரு வரி. அப்பாவுக்கு நல்லா இருக்கும் நாளிலேயே 91, 92தான் காட்டும். ஆக, தினமும் விடிந்ததும் சிவப்பு. முதல் வாரம் வீடே பதறியது, சித்தப்பா உடனே ஆக்சிஜன் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டார். மூன்றாவது வாரத்தில் அம்மா, "அது சும்மா கத்தும், நீங்க பல் தேய்ங்க" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. எச்சரிக்கை மணி ஒன்று இப்படிப் பழகிப்போவது எவ்வளவு ஆபத்து என்று அந்த ஆப்பை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம், சிஓபிடிக்காரர்களுக்கு மூச்சுத்திணறல் முற்றி ஆக்சிஜன் கொடுக்கும்போதுகூட 88 முதல் 92 சதவீதம் வரைதான் குறி வைப்பார்கள் என்பது இந்தத் துறையில் பழைய செய்தி. அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சிலேயே இதைச் சோதித்துப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள்: தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களைவிட, 88–92க்குள் அளந்து கொடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு பாதிக்கும் குறைவு. சித்தப்பாவின் மெஷினுக்கும் பதில் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது 89 முதல் 93 வரை இருப்பவர்களையும், நடந்தால் மட்டும் அளவு இறங்குபவர்களையும் சேர்த்து 738 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் (2016), நீண்ட நாள் ஆக்சிஜன் கொடுத்ததால் ஆயுளும் கூடவில்லை, மருத்துவமனைக்குப் போவதும் தள்ளிப்போகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்கிப்போனவர்களுக்கு நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுப்பது வேறு கதை, அது உயிரைக் காக்கும். அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை. ஆப்பில் எல்லையை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன், ஐந்தாவது வாரம்தான் 88 ஆக்கினார்கள்.

இன்னொன்று, நம் நிறத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தக் கருவி தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையில் ரத்தத்தில் 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். அப்பா நல்ல கறுப்பு. அதனால் 92ஐப் பார்த்துப் பயப்படாமல் இருக்கிற அதே நேரம், 93ஐப் பார்த்து நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது. ஆப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, நான்காவது மாதம் அப்பாவுக்கு நிஜமாகவே உடம்பு கெட்டது. அன்றைக்கு ஆப் என்ன சொன்னது தெரியுமா? 91, 'வழக்கம்போல்', பச்சை. அப்பாவும் கேள்விகளுக்குப் பழக்கதோஷத்தில் 'நேற்று மாதிரியே' என்று தட்டிவிட்டுப் போய்விட்டார். மதியம் நர்ஸ் போன் செய்தார். "என்ன ஐயா, பேச்சுக்கு நடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசறீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா. "சளி என்ன நிறம்?" பச்சை. "வழக்கத்தைவிட அதிகமா?" ஆமாம். அவ்வளவுதான், அன்று மாலையே டாக்டரைப் பார்த்தோம். அந்த நர்ஸ் கேட்டது 1987இல் கனடாவில் ஆந்தனிசன் என்ற மருத்துவர் குழு வெளியிட்ட ஆய்வில் உள்ள அதே மூன்று விஷயம்: இளைப்பு கூடியதா, சளியின் அளவு கூடியதா, சளி சீழ் நிறமானதா. மூன்றும் சேர்ந்து இருந்தவர்களுக்குத்தான் ஆன்டிபயாட்டிக் தெளிவாகப் பலன் தந்தது. முந்தைய தடவை அப்பாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு வாரம் ஓடி, தூக்கம் போய், சர்க்கரையும் ஏறியது. இந்த முறை 5 நாள்தான். சுவிட்சர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில் 5 நாளும் 14 நாளும் ஒப்பிட்டபோது, அடுத்த 6 மாதத்தில் நோய் திரும்புவதில் 5 நாள் கூட்டம் சளைக்கவில்லையாம். டாக்டரே சொன்னார். மருத்துவமனையில் சேர்க்காமலே தேறிவிட்டார்.

இதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்து தேடினேன். ஸ்காட்லாந்தில் 256 சிஓபிடி நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வீட்டில் தொடுதிரையும் ஆக்சிமீட்டரும் கொடுத்து ஒரு வருடம் தினமும் கண்காணித்தார்கள். மருத்துவக் கவனிப்பு இரு பக்கமும் ஒன்றுதான். மருத்துவமனைக்குப் போவது கொஞ்சமும் தள்ளிப்போகவில்லை. 2013இல் வெளியானது. அதாவது நாங்கள் வாங்கிய பொட்டலத்தின் பளபளப்பான பாதி, சோதனையில் ஏற்கெனவே தோற்றது.

நர்ஸ் செய்த இன்னொரு வேலை இன்ஹேலரைச் சரிபார்த்தது. வீடியோ காலில் "எனக்கு முன்னாடி ஒரு தடவை எடுங்க ஐயா" என்றார், அப்பா பெருமையாக எடுத்துக் காட்டினார், எல்லாம் தப்பு. அவரிடம் இரண்டு வகை இருக்கிறது. அழுத்தினால் புகை மாதிரி வருவதற்கு மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். கேப்சூல் போட்டு இழுப்பதற்கு வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அப்பா இரண்டையும் அப்படியே மாற்றிச் செய்துகொண்டிருந்தார், அதுவும் மூச்சை முதலில் வெளியே விடாமல், இழுத்த பிறகு பிடித்தும் வைக்காமல். எத்தனை வருஷம்! இவர் மட்டும் இல்லை, 40 வருட ஆய்வுகளைத் திரட்டி 2016இல் பார்த்தபோது சரியாக எடுப்பவர்கள் 31 சதவீதம்தான், காலப்போக்கில் அது முன்னேறவும் இல்லை. ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாய், ஒன்று மாட்டியதும் முதல் வகை இன்ஹேலரின் தொல்லை பாதி தீர்ந்தது. ஸ்டீராய்டு உள்ளதை எடுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொன்னதும் அவர்தான், நாக்கில் வெள்ளையாகப் படர்ந்தது அதோடு நின்றது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சேவையில் 'நீங்களே சமாளியுங்கள்' என்று ஒரு தாள் தருகிறார்கள், வீட்டில் மாத்திரை வைத்துக்கொண்டு எப்போது தொடங்குவது என்று. தாளை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 426 பேரிடம் இப்படிப் பயிற்சியும் தாளும் மாத்திரையும் கொடுத்து, கூடவே போனிலும் கூப்பிட்டுப் பேசிச் செய்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், காரணம் அந்தப் பக்கம் 28 பேர் இறந்திருந்தார்கள், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 10 பேர். ஏன் என்று தெளிவாகவில்லை. வேறு ஆய்வுகளில் இதே மாதிரி ஏற்பாடு நன்மையும் செய்திருக்கிறது. நாங்கள் தாளை வைத்திருக்கிறோம், ஆனால் மாத்திரையைத் தொடும் முன் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவோம்.

6 மாதத்தில் ஒரு தடவைகூட இவர்கள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிப் பேசவில்லை. நடை, கால் தசைக்குப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி எல்லாம் சேர்ந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 65 சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, இது பலன் தருமா என்று இனி சோதிக்கவே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இளைப்பும் குறைகிறது, நடக்கும் தெம்பும் கூடுகிறது. நாங்களாக விசாரித்துச் சேர்த்தோம், அப்பா இப்போது மாடிப்படியில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்.

5க்கு இரண்டரை. இரண்டு நர்ஸுக்கு, அரை கருவிக்கு. போன வாரம் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. கருவியையும் ஆப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், நர்ஸின் போன் மட்டும் போதும், அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.