வீட்டு ஸ்டோரேஜ் சர்வருக்கு 4யூ ரேக் கேஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரேக் கேஸ் (ரேக் என்ற உலோகச் சட்டத்தில் ஏற்றி வைக்கும் கணினிப் பெட்டி) தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை ஹார்டு டிஸ்க் போடலாம் என்பதைத்தான். ஒரு 4யூ கேஸைச் சில வருடங்களாக இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், அந்த டிஸ்க்குகளுக்கு நடுவே காற்று எப்படிப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஒரு யூ என்பது 1.75 அங்குல உயரம். 1யூ கேஸில் 40 மி.மீ. ஃபேன்தான் நிற்கும், 2யூவில் 80 மி.மீ. சின்ன ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமானால் படுவேகமாகச் சுற்றியாக வேண்டும். ஆளில்லாத சர்வர் அறைக்கு அந்த இரைச்சல் பரவாயில்லை, வீட்டுக்குச் சரிப்படாது. 4யூவில் 120 மி.மீ. ஃபேன் பொருந்தும், சாதாரண ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளையும் அப்படியே உட்காரும், முழு உயர கார்டுகளும் நேராக நிற்கும். இன்றைக்கு வாங்கினாலும் 4யூதான் வாங்குவேன்.

என் கேஸில் முன்னால் டிஸ்க் செருகும் 12 ட்ரே, அதன் பின்னால் பேக்பிளேன், அதற்கும் பின்னால் மூன்று 120 மி.மீ. ஃபேன். ஃபேன்கள் டிஸ்க்குகளின் வழியே காற்றை இழுத்து மதர்போர்டு பக்கம் தள்ளுகின்றன. இதில் பேக்பிளேன்தான் முக்கியம். அது டிஸ்க்குகள் வந்து பொருந்துகிற, குறுக்கே நிற்கும் ஒரு சர்க்யூட் பலகை. அதில் வெட்டிவிட்ட துளைகள் வழியாகத்தான் காற்று போயாக வேண்டும். துளை சிறியதாக இருந்தால் நல்ல ஃபேன்கூடத் திணறும். அதனால் முகப்பு அழகைப் பார்ப்பதோடு விடாமல், மூடியைத் திறந்து எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள்.

காலி ட்ரேக்களையும் கவனிக்க வேண்டும். காற்று தடையில்லாத வழியைத்தான் தேடும். டிஸ்க் இல்லாத இடங்களைத் திறந்து விட்டால் காற்றெல்லாம் அங்கே நுழைந்துவிடும், பக்கத்தில் இருக்கும் டிஸ்க்குகள் சூடாகும். நான் காலி ட்ரேக்களின் முகப்பில் அட்டையை வெட்டி உட்புறமாக ஒட்டிவிட்டேன். நடு வரிசை டிஸ்க்குகள் இப்போது 40 டிகிரியைத் தாண்டுவதில்லை, அதுவும் ஃபேன்கள் மெதுவாகச் சுற்றும்போதே. டிஸ்க்குகளை மதர்போர்டோடு இணைக்கும் எச்.பி.ஏ. கார்டையும் மறந்துவிடாதீர்கள். சர்வர்களின் பலத்த காற்றை நம்பி ஃபேன் இல்லாமல், சூட்டை வெளியேற்றும் வெறும் உலோக ஹீட்சிங்க்கோடு வருகிற கார்டு அது. அதன் மேல் ஒரு குட்டி ஃபேனை வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

மின்சாரக் கணக்கும் உண்டு. ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் 24 ஆம்பியர், கிட்டத்தட்ட 290 வாட். பேக்பிளேனுக்கு மின்சாரம் கொண்டுபோகும் மோலெக்ஸ் (நான்கு முனை) இணைப்புகளைப் பவர் சப்ளையின் தனித்தனி கேபிள்களிலிருந்து கொடுங்கள். ஒரே கேபிளில் ஸ்ப்ளிட்டர் மாட்டிச் சமாளிக்காதீர்கள்.

எனக்குள்ள ஒரே குறை ட்ரேயின் தாழ்ப்பாள். பிளாஸ்டிக். சில ட்ரேக்களில் பொத்தானை அழுத்தினால் கைப்பிடி முன்போல் துள்ளி வருவதில்லை, நகத்தால் நெம்ப வேண்டியிருக்கிறது. உலோகக் கைப்பிடி கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்கலாம். ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டி வைத்திருக்கிறேன். பழுதான டிஸ்க்கைக் கழற்றும்போது பக்கத்து டிஸ்க்கை உருவிவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அகலம் எல்லாவற்றுக்கும் 19 அங்குலம்தான், சிக்கல் ஆழத்தில். நெட்வொர்க் கருவிகளுக்கான ரேக்குகள் பல 450 அல்லது 600 மி.மீ. ஆழம்தான். டிஸ்க் நிறையக் கொள்ளும் கேஸ்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும், பின்னால் கேபிள் வளையவும் இடம் வேண்டும். ரேக்கின் வெளி அளவை நம்பாமல் முன் கம்பத்திலிருந்து பின்கதவு வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம், ஏற்றும்போது டிஸ்க்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, கேஸை மட்டும் இருவராகத் தூக்கி ரெயிலில் உட்கார வைத்து, பிறகு ட்ரேக்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.