தீக்குச்சி உரச எந்தப் பயிற்சி?

பக்கவாதத்துக்குப் பிறகு பெரியம்மாவின் வலக்கை மடங்கிக் கிடந்த இரண்டு மாதமும், தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த் வீட்டில் சாமி விளக்கை நான்தான் ஏற்றினேன். தானே குச்சி உரசி ஏற்ற வேண்டும், அது போதும் என்பார் பெரியம்மா. அதற்கு வழி கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

லண்டனில் 1940களில் பெர்டா போபத்தும் அவர் கணவர் கரேலும் தொடங்கிய முறை ஒன்று. சிகிச்சையாளர் தோளையும் இடுப்பையும் தாங்கி, விறைப்பைத் தளர்த்தி, கையைச் சரியான தடத்தில் நடத்துவார். பெரியம்மாவுக்குப் பிடித்தது இதுதான். எழுந்து வரும்போது கை பஞ்சாக இருக்கும். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி. பாதி உழைப்பு சிகிச்சையாளருடையது என்பதால் எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. அரசு மருத்துவமனையில் நமக்குக் கிடைப்பதோ வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் இரண்டு டாக்ஸி மாறிப் போனால்.

முடங்கிய கை வேலை செய்தே ஆக வேண்டும் என்று, நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போடுவது எட்வர்ட் டாப் வகுத்த வழி. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 222 பேர் பங்கேற்றனர். அதில் இரண்டு வாரத்துக்கு, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறையோடு இருக்க வேண்டும் என்பது இலக்கு. பயனும் தெரிந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானே நிமிர்த்த முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். பெரியம்மாவுக்கு அது முடிந்தது, பொறுமைதான் இல்லை. அடுப்படிக் கையுறையை மாட்டிவிட்டோம். இரண்டாம் நாள் தேநீர் சிந்தியதும் அது சுவரில் போய் விழுந்தது. தீப்பெட்டிக்கு இரண்டு கையும் வேண்டுமே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

விரலே அசையாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் தோன்றும் மாயவலிக்காகக் கண்டது அது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. நல்ல கையின் பிம்பம் முடங்கிய கை அசைவதுபோலக் காட்டும். செலவு ஒரு கண்ணாடி. பெரியம்மா சிரித்துவிட்டு எழுந்து போனார்.

என் வாக்கு ஆஸ்திரேலியாவின் ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் இருவரின் வழிக்கே: எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையையே துண்டு துண்டாகப் பழகுவது. நார்வேயில் 61 பேரிடம் இதையும் போபத்தையும் ஒப்பிட்டு, முடிவை 2000இல் வெளியிட்டார்கள். இந்த வழியில் பயின்றவர்கள் மருத்துவமனையில் இருந்தது சராசரி 21 நாள், போபத் குழு 34 நாள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் வீட்டில், ஆள் துணை அதிகம் இல்லாமல், நாளெல்லாம் செய்யலாம்.

முதலில் கரண்டிக் காம்பு, அடுத்து பென்சில், பிறகு எரிந்த குச்சி. லயன் தீப்பெட்டியைத் தட்டோடு டேப் போட்டு ஒட்டிவிட்டோம். உரசுவது மட்டும் வலக்கையின் வேலை. அது பழகியதும் டேப்பைப் பிரித்து, பெட்டியை இடக்கையில் கொடுத்தோம். புதுக் குச்சியைத் தொட்ட முதல் நாள் பதினொரு குச்சி ஒடிந்தது. பன்னிரண்டாவது பற்றியது, திரிக்குக் கொண்டுபோவதற்குள் அணைந்தும்விட்டது. பெட்டியை நான் எடுக்கப்போனபோது பெரியம்மா தரவில்லை.